முதலில் வீடு, பிறகு சாலை

மட்டாஞ்சேரியிலிருந்து படகேறியும், தோப்பும்படியிலிருந்து பழைய பாலத்தைக் கடந்தும், எர்ணாகுளத்திலிருந்து பஸ் பிடித்தும் கொச்சியின் இந்த வெலிங்டன் தீவுக்கு வந்து கூடியிருக்கிறீர்கள், தமிழன்பர்களே.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் ஒரு சாலை. சாலையைப் பற்றிப் பேச ஒரு சபையா என்று சிலர் நினைக்கலாம். ஆனால் ஒரு கிராமத்தின் நடுவே பெருஞ்சாலை ஒன்று வரப்போகிறது, அதைத் தொடர்ந்து குடியிருப்புகளும் மாளிகைகளும் எழப்போகின்றன என்று சர்க்கார் உத்தரவு பிறக்கும்போது, அந்தக் கிராமத்து ஜனங்கள் கூடி என்ன பேசுகிறார்கள், அந்தப் பேச்சை யார் கேட்கிறார்கள், கேட்டவர்கள் கொடுத்த வாக்கு என்ன ஆகிறது என்று விசாரிக்கப் புகுந்தால், ஒரு தேசம் தன் எளிய பிரஜைகளை எப்படி நடத்துகிறது என்ற சங்கதி முழுவதும் அதற்குள் அடங்கியிருப்பதைக் காணலாம். அந்த விசாரணைக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. இந்த மண்டபத்தின் வடக்கே, காயலுக்கு அப்பால், பளுதூக்கிகளின் உயர்ந்த கைகள் வானத்தில் தெரிகின்றனவே, அந்த வல்லார்பாடம் வரையில் போனால் போதும்.

அதற்கு முன், நாம் உட்கார்ந்திருக்கும் இந்த மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. நூறு ஆண்டுகளுக்கு முன் இந்த இடத்தில் மண் ஏது? தண்ணீர் அல்லவா இருந்தது! 1920-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ராபர்ட் பிரிஸ்டோ என்ற ஆங்கிலேய எஞ்சினீயர் கொச்சிக்கு வந்து இறங்கியபோது, கப்பல்கள் உள்ளே வர முடியாதபடி முகத்துவாரத்தை ஒரு பெரிய மணல்திட்டு மறித்துக்கொண்டிருந்தது. சரக்குக் கப்பல்கள் வெளிக்கடலிலே நங்கூரமிட்டு நிற்க, வள்ளங்கள் போய் மூட்டைகளை ஏற்றி இறக்க வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் அதுவும் நடவாது. பிரிஸ்டோ அந்தத் திட்டை அறுத்தார். அகழ்ந்த மண்ணை ஓரிடத்தில் கொட்டினார். வெண்டுருத்தி என்ற பழைய தீவின் அருகில் ஏறக்குறைய 780 ஏக்கர் புது நிலம் எழுந்தது. 1928-ஆம் ஆண்டு மே மாதம் 26-ஆம் தேதி பத்மா என்ற நீராவிக் கப்பல் முதன்முதலாக உள்துறைமுகத்துக்குள் நுழைந்தது. முன்னாளில் சென்னை மாகாணத்துக்கு ஆளுநராக இருந்த வில்லிங்டன் பிரபுவின் பெயர்தான் இத்தீவுக்கு வைக்கப்பட்டது. ஜனங்களின் நாவில் அது வெலிங்டன் ஆகிவிட்டது, இருக்கட்டும். நான் சொல்ல வந்தது வேறு. இது மண்ணை உண்டாக்கத் தெரிந்த ஊர். சேற்றின் மேல் ரயில் நிலையமும் சரக்குக் கிடங்கும் பங்களாக்களும் நிற்கும்படி செய்த ஊர். இதைத் தயவுசெய்து மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த உபந்நியாசத்தின் நடுவில் இதை நான் மறுபடி கேட்பேன்.

சாலை வேண்டாம் என்று சொல்லும் ஜனங்களைப் பற்றி நகரவாசிகளுக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. அவர்கள் பழமைவாதிகள்; அபிவிருத்திக்கு விரோதிகள்; தங்கள் நாலு தென்னைமரத்துக்காக நாட்டின் முன்னேற்றத்தை மறிப்பவர்கள் என்பது அந்த அபிப்பிராயம். நியாயமா இது? கொச்சிக் காயலில் உள்ள தீவுவாசிகளைக் கேட்டுப் பாருங்கள். வைப்பினிலும் வல்லார்பாடத்திலும் முளவுகாட்டிலும் பிறந்தவர்களைப் போல ஒரு பாலத்துக்காக ஏங்கியவர்கள் இந்தப் பிரதேசத்தில் வேறு யார்? கண்ணெதிரே எர்ணாகுளம், அங்கே ஆஸ்பத்திரி, அங்கே கல்லூரி, அங்கே நீதிமன்றம், அங்கே சந்தை, நடுவிலோ தண்ணீர். பிரசவ வேதனையில் துடிக்கும் பெண்ணைப் படகில் கிடத்தி அக்கரை சேர்க்க வேண்டிய வாழ்க்கை அது. வல்லார்பாடத்து மாதா கோவிலின் புகழ்பெற்ற ஐதிகமே என்ன? 1752-ஆம் ஆண்டில் மீனாட்சியம்மாள் என்ற நாயர் குலத்துப் பெண்மணி தன் கைக்குழந்தையோடு படகில் போகும்போது புயலில் படகு கவிழ்ந்தது; காயலின் அடியில் மூழ்கிய தாயும் சேயும் மாதாவின் கிருபையால் மூன்றாம் நாள் மீனவர் வலையில் உயிரோடு கிடைத்தார்கள் என்று பக்தர்கள் சொல்கிறார்கள். இன்றைக்கும் சாதிமத பேதமின்றி ஜனங்கள் அங்கே போய்த் துடைப்பம் எடுத்து முற்றத்தைப் பெருக்கி நேர்த்திக்கடன் செலுத்துகிறார்கள். ஐதிகத்தை நம்புகிறவர்கள் நம்பட்டும், மற்றவர்கள் விடட்டும். ஆற்றையும் காயலையும் கடப்பது எத்தனை பெரிய பயமாக இந்த ஜனங்களின் நெஞ்சில் குடியிருந்தது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா? அவர்களா சாலைக்கு விரோதிகள்?

பாலம் வந்தது. எப்படி வந்தது? 1994-இல் கோஶ்ரீ தீவுகள் அபிவிருத்தி ஆணையம் என்று ஒன்றைச் சர்க்கார் அமைத்தது. பாலத்துக்குப் பணம் வேண்டும். பணத்துக்கு வழி என்ன? எர்ணாகுளத்துக் கரையை ஒட்டிக் காயலில் ஏறக்குறைய 25 ஹெக்டேரைத் தூர்த்து, அந்த நிலத்தை விற்று, அந்தப் பணத்தில் பாலம் போடுவது என்று தீர்மானித்தார்கள். 2004-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் எர்ணாகுளத்திலிருந்து போல்காட்டிக்கும், போல்காட்டியிலிருந்து வல்லார்பாடத்துக்கும், வல்லார்பாடத்திலிருந்து வைப்பினுக்கும் மூன்று பாலங்கள் திறக்கப்பட்டன. தீவுவாசிகள் மகிழ்ந்தார்கள்; மகிழ வேண்டியதுதான். ஆனால் நீங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மீனவன் வலைவீசிய தண்ணீரை விற்ற பணத்தில் மீனவனுக்குப் பாலம் போடப்பட்டது. சாலையும் மனைவியாபாரமும் ஒன்றையொன்று கைப்பிடித்துக்கொண்டுதான் ஓர் ஊருக்குள் நுழைகின்றன. ஒன்றை வரவேற்று மற்றொன்றை வாசலில் நிறுத்த யாராலும் முடிவதில்லை.

பாலம் திறந்த மறு வருஷமே, 2005 பிப்ரவரியில், அப்போதைய பிரதம மந்திரி மன்மோகன் சிங் வல்லார்பாடத்தில் சர்வதேசச் சரக்குப்பெட்டித் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். இந்தியச் சரக்குகள் கொழும்புக்குப் போய் அங்கே பெரிய கப்பலுக்கு மாறுகின்றனவே, அந்த வியாபாரம் நம் கரையிலேயே நடக்கட்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம், அதில் குற்றம் காண நான் வரவில்லை. ஆனால் துறைமுகம் தீவில், தேசமோ அக்கரையில். ஆகவே களமசேரியிலிருந்து வல்லார்பாடம் வரை சுமார் 17 கிலோமீட்டர் நெடுஞ்சாலை. இடப்பள்ளியிலிருந்து சுமார் 9 கிலோமீட்டர் ரயில்பாதை. அந்த ரயில்பாதையில் பாதிக்கு மேல் காயலின் மீது பாலம். தேசப்படத்தில் இந்தக் கோடுகளைப் போட எழுதுகோல் ஒன்று போதும். ஆனால் அந்தக் கோடுகளின் கீழே ஏலூரும் சேரானல்லூரும் வடுதலையும் கோதாடும் மூலம்பிள்ளியும் முளவுகாடும் இருந்தன. 316 குடும்பங்கள் வீடு இழக்க வேண்டும் என்று கணக்கு வந்தது.

அன்பர்களே, இந்த ஊர்களை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பொக்காளி வயல்கள் நிறைந்த பிரதேசம் அது. மழைக்காலத்தில் உப்பு கழுவப்பட்ட நிலத்தில் நெல் விளையும். அறுவடை முடிந்தபின் மடையைத் திறந்து உப்புத்தண்ணீரை உள்ளே விட்டால் அதே வயலில் இறால் வளரும். நெல்லின் தாளைத் தின்று இறால் வளர, இறாலின் கழிவை உண்டு அடுத்த நெல் வளர, எருவும் மருந்தும் வாங்காமல் ஜீவனம் நடக்கும். அப்படிப்பட்ட இடத்தில் ஒருவனுக்கு நாலைந்து சென்ட் நிலமும் ஓர் ஓட்டு வீடும் இருந்தால், பத்திரத்தில் எழுதியிருப்பது அந்த நாலைந்து சென்ட்தான். ஆனால் வீட்டின் பின்புறத்துப் படகுத்துறையும், அதற்கு அப்பால் உள்ள காயலும், வயலோரத்து மடையும் அவனுடைய ஜீவனத்தில் சேர்ந்தவை. நஷ்டஈடு கணக்கிடும் உத்தியோகஸ்தர் பத்திரத்தைத்தான் பார்ப்பார். காயலுக்கு அவரிடம் பத்தி ஏது?

இத்தகைய ஊரில் சாலைச் செய்தி வந்ததும் சபை கூடுகிறது. எந்த ஊரானாலும் அந்தச் சபையில் சில குரல்கள் எழுந்தே தீரும். ஓர் இளைஞன் எழுந்து, சாலை வரட்டும், லாரி வந்தால் கடை வைக்கலாம், நானாவது இந்தச் சேற்றைவிட்டுப் பிழைக்கலாம் என்பான். ஒரு மூதாட்டி, என் மகனைப் பெற்ற வீடு, என் மனிதரைக் கிடத்திய வீடு, இதற்கு என்ன விலை போடுவாய் என்பாள். கொஞ்சம் அதிகமாக நிலம் வைத்திருப்பவர் வாயைத் திறக்க மாட்டார். சாலையிலிருந்து தம் நிலம் எத்தனை அடி தள்ளியிருக்கிறது, அது மனையானால் சென்ட் என்ன விலை போகும் என்று மனத்துக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார். இந்த மூவரில் யாரையும் நான் குறை சொல்ல மாட்டேன். இளைஞனின் ஆசை நியாயம். மூதாட்டியின் துக்கம் நியாயம். நிலக்காரரின் கணக்குங்கூட மனித சுபாவம். கிராமத்துச் சபையில் இந்த மூவரும் சண்டையிட்டு, சமாதானமாகி, மறுபடி சண்டையிட்டு, கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வருவதற்கு அவகாசம் வேண்டும். அந்த அவகாசத்தைத்தான் நம் சர்க்கார்கள், கட்சி பேதமின்றி, கொடுப்பதில்லை. பந்தலும் மேளமும் ஏற்பாடு செய்துவிட்டுப் பெண்ணின் சம்மதத்தைக் கேட்கப் போகும் மாப்பிள்ளை வீட்டாரைப் போல, அடிக்கல் நாட்டிய பிறகு கருத்துக் கேட்க வருகிறார்கள்.

அந்நாளில் நடைமுறையில் இருந்த நிலம் கையகப்படுத்தும் சட்டம் 1894-ஆம் வருஷத்துச் சட்டம். வெள்ளைக்காரர் எழுதியது, சுதந்திரம் பெற்று அறுபது வருஷம் நாமும் அதைக் கைவிடாமல் போற்றினோம்! அதில் ஆட்சேபணை சொல்ல 30 நாள் உண்டு. ஆனால் அவசரம் என்று சர்க்கார் ஒரு வார்த்தை எழுதிவிட்டால், 17-ஆம் பிரிவின்படி, அந்த ஆட்சேபணையைக் கேட்பதும் விட்டுப்போகும். யாருக்கு அவசரம்? வீட்டுக்காரனுக்கா?

2008-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 6-ஆம் தேதி மூலம்பிள்ளிக்குப் போலீஸ் வந்தது. மண்வாரி இயந்திரங்கள் வந்தன. வீடுகள் இடிந்தன. பாத்திரம் பண்டங்களும் பிள்ளைகளின் பள்ளிப் புத்தகங்களும் வெளியே கிடந்தன. ஏழைகளின் கட்சி என்று பெயர் பெற்ற கட்சிதான் அன்று ஆட்சியில் இருந்தது, முதலமைச்சர் வி. எஸ். அச்சுதானந்தன், நிலமற்றோருக்காக ஆயுள் முழுவதும் போராடியவர். அவருடைய ஆட்சியிலே இது நடந்தது என்பதை நான் அவரை இகழ்வதற்காகச் சொல்லவில்லை. இந்த இயந்திரத்தின் ஓட்டுநர் ஆசனத்தில் யார் அமர்ந்தாலும் அது ஒரே மாதிரிதான் ஓடுகிறது என்பதற்காகச் சொல்கிறேன். வீடிழந்தவர்கள் எர்ணாகுளத்தின் மேனகா சந்திப்பில், நகரத்தார் கடைவீதிக்குப் போகும் வழியிலே, கூடாரம் போட்டு அமர்ந்தார்கள். ஒன்றரை மாத காலம் அமர்ந்தார்கள். கேரளத்து எழுத்தாளர்களும் சமூக சேவகர்களும் அங்கே வந்து உடன் அமர்ந்தார்கள். மார்ச் மாதம் 19-ஆம் தேதி சர்க்கார் இறங்கிவந்து ஓர் உத்தரவு பிறப்பித்தது. மூலம்பிள்ளி புனர்வாழ்வுத் திட்டம் என்று கேரளம் முழுவதும் அதைச் சொல்வார்கள்.

அந்த உத்தரவைப் படித்தால், நான் மனம்விட்டுச் சொல்கிறேன், கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தோன்றும். குடும்பத்துக்கு நாலு சென்ட் முதல் ஆறு சென்ட் வரை நிலம். அந்த நிலத்துக்குத் தண்ணீர், மின்சாரம், வழி. புது வீடு கட்டும் வரையில் மாதம் 5,000 ரூபாய் வாடகை. நிலம் சதுப்பானதால் அஸ்திவாரத்துக்குத் தூண் இறக்க 75,000 ரூபாய். திட்டத்தில் குடும்பத்துக்கு ஒருவருக்கு வேலை. இதைவிட வேறென்ன வேண்டும்? ஜனங்கள் கூடாரத்தைப் பிரித்தார்கள். வாக்கை நம்பினார்கள். சாலை வேலை தொடர்ந்தது.

இனித்தான் நான் உங்களை நிதானமாகக் கேட்கச் சொல்கிறேன்.

காயலின் மீது அந்த ரயில்பாலத்தைக் கட்டினார்கள். நீளம் 4.62 கிலோமீட்டர், 132 கண்கள், கட்டிமுடித்த நாளில் இந்தியாவிலேயே நீளமான ரயில்பாலம். 2007-இல் தொடங்கி 2010-இல் முடித்துவிட்டார்கள். மூன்று வருஷம்கூட முழுதாகச் செல்லவில்லை. சேற்றின் அடியில் உறுதியான தரை கிடைக்கும் வரை தூண்களை இறக்கி, உத்திரங்களைத் தூக்கி வைத்து, தண்டவாளம் போட்டுவிட்டார்கள். 2011 பிப்ரவரி 11-ஆம் தேதி அதே பிரதம மந்திரி வந்து துறைமுகத்தைத் திறந்துவைத்தார். அடிக்கல்லுக்கும் திறப்புவிழாவுக்கும் இடையே ஆறு வருஷம். இந்த நாட்டில் அது மகத்தான சாதனை. நம் எஞ்சினீயர்களுக்கு நான் தலைவணங்குகிறேன்.

அந்த 316 வீடுகள் என்ன ஆயின? உத்தரவு பிறந்து பத்து வருஷம் சென்ற பின்னும், ஒதுக்கிய மனையில் வீடு கட்டிக் குடியேறிய குடும்பங்கள் ஐந்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. ஏன்? காக்கநாட்டுக்கு அருகே துதியூரில் பல குடும்பங்களுக்கு நிலம் ஒதுக்கினார்கள். அது சதுப்பைத் தூர்த்த நிலம். வீடு எழுப்பினால் சுவர் வெடித்தது, தரை இறங்கியது, சில கட்டடங்கள் சாய்ந்தன. சில இடங்களில் மனை இருந்தது, வழி இல்லை. வழி இருந்தால் குழாயில் தண்ணீர் இல்லை. வாடகைப் பணம் முறையாக வரவில்லை. துறைமுகத்தில் வேலை என்ற வாக்கு ஏட்டிலே தங்கியது. வீடு வரும், வீடு வரும் என்று காத்திருந்து வாடகை வீட்டிலே கண்ணை மூடிய முதியவர்கள் பலர்.

இப்பொழுது என் கேள்வியை மறுபடி கேட்கிறேன். இது மண்ணை உண்டாக்கத் தெரிந்த ஊர் அல்லவா? இன்றுள்ள சாதனங்கள் ஏதும் இல்லாத காலத்தில், தண்ணீரிலிருந்து 780 ஏக்கரை எழுப்பி அதன்மேல் ரயிலை ஓட்டியவர்கள் இதே காயலில் அல்லவா அதைச் செய்தார்கள்? ரயிலின் பாரத்தைச் சுமக்கும் தூணுக்கு அடியில் உறுதியான தரை கிடைத்தது. ஒரு மீனவன் வீட்டின் பாரத்தைச் சுமக்கும் தூணுக்கு அடியில் மாத்திரம் அது கிடைக்கவில்லையா? சாஸ்திரம் தெரியாமலா? பணம் இல்லாமலா? சாலைக்குக் கெடு இருந்தது. பாலத்துக்குக் கெடு இருந்தது. திறப்புவிழாவுக்குத் தேதி குறித்தாகிவிட்டது. வீட்டுக்குக் கெடு இல்லை. வீடு முடியாவிட்டால் சாலை திறக்காது என்று எந்தக் காகிதத்திலும் எழுதப்படவில்லை. விஷயம் முழுவதும் இந்த ஒன்றில்தான் இருக்கிறது என்பது என் துணிபு.

பொதுநன்மைக்காகச் சிலர் கஷ்டப்படத்தானே வேண்டும் என்று படித்தவர்கள் வாதம் செய்வதுண்டு. சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். கஷ்டப்பட்ட அந்தச் சிலருக்குப் பொதுநன்மையில் பங்கு எவ்வளவு? முளவுகாட்டுப் பொன்னாரிமங்கலத்தில் அந்தச் சாலைக்குச் சுங்கச்சாவடி வைத்தார்கள். எங்கள் மண்ணில் போட்ட சாலையில் நாங்கள் போகச் சுங்கமா என்று தீவுவாசிகள் வழிமறித்தார்கள். சாலையோரம் உள்ளூர்க்காரர்கள் போய்வர இணைச்சாலை வேண்டும் என்று கேட்டுக் கேட்டு அலுத்தார்கள். நீளமான ரயில்பாலமோ, அதன்மேல் எதிர்பார்த்த அளவு சரக்கு ரயில்கள் ஓடவில்லை. சரக்குப்பெட்டிகள் வல்லார்பாடத்துக்குப் போனபின் இந்தத் தீவின் துறைகளில் எத்தனை சந்தடி மிச்சம் இருக்கிறது என்பதை, இங்கே சுமைதூக்கியும் கணக்கெழுதியும் காலம் கழித்த உங்களில் பலர் எனக்குச் சொல்லித்தரலாம்.

வீடு என்றால் என்ன என்பதையும் ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டும். கோட்டைக் கொச்சி வேளியில் நம் தமிழ் வண்ணார் சமூகத்தார் துணி வெளுக்கும் இடத்தைப் பார்த்திருப்பீர்கள். டச்சுக்காரர் காலத்தில் சிப்பாய்களின் உடுப்பை வெளுக்க வரவழைக்கப்பட்டவர்களின் வாரிசுகள் தாங்கள் என்று அவர்கள் சொல்வார்கள். 1976-இல் பெருங்கொச்சி அபிவிருத்தி ஆணையம் அங்கே அவர்களுக்குத் துவைக்கும் தொட்டிகளைக் கட்டிக்கொடுத்தது. தொட்டியும் கல்லும் உண்டு, கொடி கட்டத் திறந்தவெளி உண்டு, தண்ணீர் உண்டு. தொழிலைப் பார்த்து இடம் அமைத்தார்கள். ஆகவே இன்றும் அந்தத் தொழில் அங்கே நடக்கிறது. அவர்களை அழைத்துக்கொண்டு போய் நகரத்துக்கு அப்பால் பத்தாவது மாடியில் இரண்டு அறை கொடுத்திருந்தால், கணக்குப்படி வீடு கொடுத்தாயிற்று. மறுநாள் சோற்றுக்கு என்ன செய்வார்கள்? மூலம்பிள்ளி மீனவனுக்குத் துதியூரில் மனை கொடுத்த உத்தியோகஸ்தர் இந்த வேளித் திடலை ஒருமுறை எட்டிப்பார்த்திருக்கலாம்.

இதே நகரத்தில் வேறொரு காட்சியையும் கண்டோம். மரடுவில் காயலோரத்தில், கடற்கரை ஒழுங்குமுறை விதிகளை மீறி, நான்கு அடுக்குமாடித் தொகுதிகள் எழுந்தன. அவற்றை இடித்துத்தள்ள வேண்டும் என்று 2019 மே மாதத்தில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். தேசம் முழுவதும் தொலைக்காட்சியில் பார்த்தது. அங்கே குடியிருந்தவர்கள் பெரும்பாலும் ஏமாற்றப்பட்டவர்கள். அவர்களுக்காக நான் வருந்துகிறேன். ஆனால் கட்டடம் விழுவதற்கு முன்பே, ஆளுக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால நஷ்டஈடு கொடு என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. மேற்பார்க்க ஒரு குழுவையும் நியமித்தது. செய்ய வேண்டும் என்று நினைத்தால் சில மாதங்களில் செய்ய முடிகிறது. விதியை மீறிக் கட்டிய மாளிகைக்கு அந்த வேகம். விதிப்படி வரி கட்டி வாழ்ந்த ஓட்டு வீட்டுக்கு இந்த மந்தம். இரண்டும் ஒரே ஜில்லா.

மூலம்பிள்ளியின் கண்ணீர் வீணாகவில்லை என்று ஓரளவு சொல்லலாம். 2022-இல் திருவனந்தபுரத்திலிருந்து காசர்கோடு வரை அதிவேக ரயில்பாதைக்கு அளவைக் கல் நட வந்தபோது, கேரளத்து இல்லத்தரசிகள் கல்லைப் பிடுங்கி எறிந்தார்களே, அங்கே எத்தனையோ மேடைகளில் மூலம்பிள்ளியின் பெயர் ஒலித்தது. சர்க்கார் கொடுக்கும் வாக்கின் விலை என்ன என்று ஜனங்கள் அந்தச் சிறு தீவைக் காட்டிக் கேட்டார்கள். நம் தமிழ்நாட்டிலும் இதே கதைதான். சேலம் எட்டுவழிச் சாலையைப் பற்றி 2018-இல் எழுந்த கொந்தளிப்பும், 2019-இல் சென்னை உயர்நீதிமன்றம் நிலமெடுப்பை ரத்துசெய்ததும், 2020-இல் உச்சநீதிமன்றம் திட்டத்துக்கு வழிவிட்டதும் உங்களுக்குத் தெரியும். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரத்து ஜனங்கள் 2022 முதல் கிராம சபையில் தீர்மானத்துக்கு மேல் தீர்மானம் போட்டார்கள். கிராம சபையின் தீர்மானத்துக்கு என்ன பலம் என்று சட்ட நிபுணர்கள் ஏளனம் செய்யலாம். சபை கூடியதே பலம் என்பேன் நான்.

சட்டமும் மாறியிருக்கிறது. 1894-ஆம் வருஷத்துச் சட்டத்தின் இடத்தில் 2013-ஆம் வருஷத்துச் சட்டம் வந்து, 2014 ஜனவரி முதல் தேதி அமலுக்கு வந்தது. சமூகத் தாக்க மதிப்பீடு செய்ய வேண்டும். ஊரில் பொது விசாரணை நடத்த வேண்டும். தனியார் திட்டமானால் பாதிக்கப்படுவோரில் நூற்றுக்கு 80 பேரும், அரசும் தனியாரும் சேர்ந்த திட்டமானால் 70 பேரும் சம்மதிக்க வேண்டும். அவசரம் என்ற வார்த்தையைத் தேசப் பாதுகாப்புக்கும் இயற்கைச் சேதத்துக்கும், பாராளுமன்றம் அனுமதித்தால் வேறு நெருக்கடிக்கும் மாத்திரம் சொல்லலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஜனங்களைக் கிளப்புவதற்கு முன்பே புனர்வாழ்வை முடிக்க வேண்டும். மூலம்பிள்ளி கேட்டது இதைத்தான். ஆனால் பாருங்கள், தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தையும் ரயில்வேச் சட்டத்தையும் வேறு சில சட்டங்களையும் தனியாக ஓர் அட்டவணையில் போட்டு, இந்தக் கட்டுப்பாடுகளிலிருந்து ஒதுக்கிவைத்தார்கள். பின்னர் நஷ்டஈட்டு விகிதத்தையும் புனர்வாழ்வுச் சலுகைகளையும் அவற்றுக்கும் நீட்டினார்கள். பொது விசாரணையையும் சம்மதத்தையும் நீட்டவில்லை. அதாவது பணம் கொடுப்போம், பேச்சைக் கேட்க மாட்டோம் என்று அர்த்தம். எந்த இரண்டு திட்டங்கள் மூலம்பிள்ளியை விழுங்கினவோ, நெடுஞ்சாலையும் ரயில்பாதையும், அந்த இரண்டுக்குமே இன்றும் கதவு பாதி திறந்திருக்கிறது.

ஆகையால் உங்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்து அமர்கிறேன். உங்களில் பலருக்குப் பாலக்காட்டிலும் திருநெல்வேலியிலும் தஞ்சாவூரிலும் மதுரைப் பக்கத்திலும் பூர்விக நிலம் இருக்கிறது. சிலருக்கு இந்தக் காயலோரத்திலேயே நாலு சென்ட் இருக்கிறது. நாளைக்குப் பத்திரிகையின் மூலையிலோ பஞ்சாயத்துப் பலகையிலோ ஒரு சர்வே எண் உங்களுடையதாகத் தென்பட்டால், சாலை வேண்டுமா வேண்டாமா என்ற சண்டையில் நாட்களைக் கழித்துவிடாதீர்கள். 2013-ஆம் வருஷத்துச் சட்டமானால் ஆட்சேபணைக்கு 60 நாள். தேசிய நெடுஞ்சாலையானால் 21 நாள்தான். ஊர்க்காரர்கள் கூடிக் கையெழுத்திட்டு, அந்த 21 நாளுக்குள் அறிவிப்பில் குறிப்பிட்டிருக்கும் அதிகாரியிடம் ஒரு மனுவைக் கொடுத்துக் கையோடு ரசீது வாங்குங்கள். மனுவின் முதல் வரியில் இதைக் கேளுங்கள்: எங்களைக் குடியேற்றப் போகும் நிலம் எது, அதன் மண்ணைப் பரிசோதித்தது யார், அங்கே வீடு எந்தத் தேதியில் முடியும், அது முடியும் வரையில் எங்கள் வீட்டின்மேல் கைவைக்க மாட்டோம் என்று கையெழுத்திடப் போவது யார்? நஷ்டஈட்டுத் தொகையை இரண்டாவது வரியில் எழுதலாம்.